ஓராவின் வயது

இந்த அறக்கட்டளை எனக்குத் தந்திருக்கும் ஒரு மணி நேரத்தை ஒரே ஒரு மீனுக்கும், அதையொட்டி எழும் ஒரே ஒரு கேள்விக்கும் ஒதுக்க விரும்புகிறேன். கரையோரத்தில் பாசியும் புல்லும் மேய்ந்து வாழும் மீன்களைப் பற்றி ஒரு வாக்கியம் நம்மிடையே நிலைத்துவிட்டது: "அது சீக்கிரம் வளர்கிற மீன், பிடிக்கப் பிடிக்க வரும்." இந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அந்த முதல் பாதியிலிருந்து பிறப்பதில்லை. இரண்டையும் ஒட்டவைத்துச் சொல்லிச் சொல்லியே பல கடல்களில் மேய்ச்சல் மீன்களின் கூட்டத்தைக் கரைத்திருக்கிறோம். ஒரு மீன் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கேட்பதோடு நிற்காமல், வளர்ந்த மீன் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்க நாம் விடுகிறோம் என்று கேட்கவேண்டும் என்பதே என் வாதம்.

எடுத்துக்கொண்ட மீன் ஓரா. யாழ்ப்பாணத்தில் ஒரா என்பார்கள். அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் சந்தைக்கு வருகின்றன. நான் பேசுவது வெண்புள்ளிகள் கொண்ட சிகானஸ் கனலிகுலேட்டஸ் என்ற இனத்தைப் பற்றி. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் வெளிகளில் கூட்டமாகத் திரிவது இது. கையில் எடுத்துப் பார்த்தால் பக்கவாட்டில் தட்டையான உடல், வழவழப்பான தோல், கொறிப்பதற்கென்றே அமைந்த சிறிய வாய். முதுகில் 13 முள், குதத் துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் முன்னொன்று பின்னொன்றாக 2; ஆக 24 முள், எல்லாவற்றிலும் நஞ்சு. குத்தினால் உயிருக்கு ஆபத்தில்லை, கடுப்பு மட்டும் லேசில் அடங்காது. வயிற்றைக் கீறினால் சுற்றுச்சுற்றாகக் கிடக்கும் நீண்ட குடலும் அதற்குள் கரும்பச்சைக் குழைவும் தெரியும். பிடித்த உடனே குடலை எடுக்காவிட்டால் பாசி வாடை சதைக்கு ஏறிவிடும். இந்த மீனை முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தவர், பின்னாளில் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றைத் தேடிப்போன முங்கோ பார்க். கப்பல் மருத்துவராகச் சுமத்ராவுக்குப் போய்த் திரும்பியவர், அங்கே கண்ட எட்டு மீன்களை 1797இல் அச்சில் விவரித்தார். அவற்றில் ஒன்று நம் ஓரா. பாரசீக வளைகுடா முதல் பலாவு வரை இது பரவியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் 'சாஃபி' என்ற பெயரில் வாங்கிச் சமைப்பதும் இதைத்தான்.

வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் பிறக்கும் இடமே அதுதான். ஆஸ்திரிய உயிரியலாளர் ஃபான் பெர்ட்டலான்ஃபி 1930களில் வகுத்த சமன்பாட்டையே இன்றும் உலகம் முழுக்க மீன்வள ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் சாரம் எளியது. மீனுக்கு ஒரு எல்லை நீளம் உண்டு. இளமையில் அது எல்லையை நோக்கி வேகமாகப் போகிறது, நெருங்க நெருங்க நடை தளர்கிறது. எவ்வளவு சீக்கிரம் எல்லையை நெருங்குகிறது என்பதைக் 'கே' என்ற ஓர் எண் சொல்கிறது. கே ஆண்டுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்ற வேகக் கணக்கு அல்ல. வளர்ச்சியை எவ்வளவு சீக்கிரம் முடித்துக்கொள்கிறது என்பதன் அளவு. ஆகவே 'கே அதிகம்' என்றால் 'தொடர்ந்து பெருத்துக்கொண்டே இருக்கும் மீன்' என்று பொருள் கொள்ளக் கூடாது. சின்ன வயதிலேயே ஆளாகி, அதன்பின் அதே அளவில் நெடுங்காலம் வாழும் மீனுக்கும் கே அதிகமாகவே இருக்கும். வளர்ந்து முடித்ததும் செத்துப்போகும் மீனுக்கும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு வாழ்நாள். அது கேயில் தெரியாது.

நீளத்தை அளப்பது எளிது. பலகையின் தலைமரத்தில் மீனின் மூக்கு முட்ட வேண்டும், வால் துடுப்பு பிளக்கும் இடத்தில் கோட்டைப் படிக்க வேண்டும், முள் படாமல் அடுத்த மீனை எடுக்க வேண்டும். வயதை அப்படிப் படிக்க முடியாது. குளிர்கடல் மீன்களின் செதிலிலும் செவிக்கல்லிலும் கோடையும் குளிரும் மரத்தின் ஆண்டு வளையம்போலப் பதிவாகின்றன. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நம் கடல்களில் அந்த வளையங்கள் மங்கல். தெளிவாக இராது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அதற்கு மாற்றாக வந்தது நீளக் கணக்கு. டென்மார்க்கின் பீட்டர்சன் 1890களிலேயே ஒரு வழி காட்டினார்: நூற்றுக்கணக்கான மீன்களை அளந்து நீளவாரியாகக் குவித்தால், ஒரே பருவத்தில் பிறந்தவை ஒரு மேடாகத் தெரியும், அடுத்தடுத்த மாதங்களில் அந்த மேடு வலப்பக்கம் நகரும், நகரும் தூரமே வளர்ச்சி. 1980ஐ ஒட்டி மணிலாவில் பணியாற்றிய டேனியல் பாலி இதைக் கணிப்பொறி நிரலாக்கினார். எலிஃபான் என்ற அந்த நிரல் வெப்பமண்டல நாடுகளின் மீன் ஆய்வுக்குக் கிடைத்த பெரிய கொடை. விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பலகை, ஒரு நோட்டு, பொறுமை இருந்தால் போதும். பிலிப்பைன்ஸின் லிங்காயென் வளைகுடாவை அடுத்த போலினாவோவில் இதே ஓராவை அந்த வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தியக் கல்லூரிகளிலிருந்து வெளிவந்திருக்கும் எண்ணற்ற ஆய்வேடுகள் அந்தப் பாதையில் நடந்தவைதான். அந்த உழைப்பின் மீது எனக்குள்ள மரியாதையை முதலில் சொல்லிவிட்டுத்தான் அதன் ஓட்டையைக் காட்ட வேண்டும்.

நிரலுக்குத் தெரிவது கூடையில் வந்த மீன் மட்டுமே. ஒரு கடலில் பெரிய ஓராக்கள் ஏற்கெனவே பிடிபட்டுத் தீர்ந்துபோயிருந்தால், கூடையில் உள்ள மிகப் பெரிய மீனின் அளவையொட்டியே எல்லை நீளம் என்று நிரல் முடிவு செய்யும். எல்லை குறுகினால், அதே இளமைப் பருவ வளர்ச்சி அந்தக் குறுகிய எல்லையை வெகு சீக்கிரம் எட்டிவிடுவதாகத் தோன்றும், கே உயரும். கதை அத்தோடு முடிவதில்லை. இயற்கை இறப்பை, அதாவது மனிதன் கை படாவிட்டாலும் நோயாலும் வேட்டையாலும் முதுமையாலும் நிகழும் சாவை, நேரடியாக அளப்பது அரிது. 1980இல் பாலி 175 மீன்கூட்டங்களின் தரவிலிருந்து ஒரு சூத்திரம் தந்தார்: எல்லை நீளம், கே, கடல்நீரின் சராசரி வெப்பம் ஆகிய மூன்றைக் கொடுத்தால் இயற்கை இறப்பு வீதம் கிடைக்கும். எல்லை குறைந்தாலும் கே கூடினாலும் அந்த வீதம் உயரும். இப்போது சங்கிலியைப் பின்னிப் பாருங்கள். கடும் மீன்பிடி பெரிய மீன்களை அகற்றுகிறது. அதனால் மீன் 'வேகமாக வளர்வதாக'த் தெரிகிறது. வேகமாக வளர்வதால் 'எப்படியும் சீக்கிரம் சாகிற மீன்' என்று சூத்திரம் சொல்கிறது. எப்படியும் சாகிற மீனைப் பிடித்தால் என்ன என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. மீன்பிடி அழுத்தம் தன் தடயத்தைத் தானே மீனின் இயல்பாக மாற்றி எழுதிவிடுகிறது. எல்லா ஆய்விலும் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. தவறு எதிர்த்திசையிலும் போகலாம்: சிறு கண்ணி வலையில் பெரிய மீன் தலை நுழையாமல் முட்டித் திரும்பும், அது கூடையில் இல்லாததைச் செத்ததாக எடுத்துக்கொண்டால் மீன்பிடியால் நேரும் இறப்பு வீதம் மிகையாகிவிடும். எந்தத் திசையில் பிழை என்பதை நீளத்தை மட்டும் வைத்து அறிய முடியாது. வயது தெரிந்தாக வேண்டும்.

வயது தெரிந்த இடத்தில் என்ன கண்டார்கள்? மீனின் தலைக்குள், மூளைக்கு அடியில், சமநிலைக்கும் செவிக்கும் உதவும் சுண்ணாம்புக் கற்கள் உண்டு. அதை எடுத்துப் பிசினில் பதித்து, தாள் கனத்துக்கு அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் வெளிச்சமும் இருளுமாகக் கோடுகள் வரும். வெப்பக் கடலில் வளையம் தெளிவாக விழாது என்ற பழைய நம்பிக்கையை உடைத்தவை இப்படி அறுத்த கற்களே. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஹவார்ட் சோட் என்பவரும் அவரது சக ஆய்வாளரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமானது. அவர்கள் பார்த்தது சர்ஜன் மீன்களை. வாலடியில் கத்திபோன்ற முள் கொண்ட, பாசி மேயும் மீன்கள், ஓராவுக்குத் தூரத்து உறவு. அவற்றில் பல மூன்று நான்கு வயதுக்குள் கிட்டத்தட்ட முழு அளவை எட்டிவிடுகின்றன. அதன் பிறகு வாழ்கின்றன, வாழ்கின்றன, முப்பது நாற்பது வயது வரை. நீளத்தை மட்டும் பார்த்தவர்கள் நாலு வயது மீன் என்று எண்ணியது நாலு வயதாகவும் இருக்கலாம், முப்பத்தெட்டாகவும் இருக்கலாம். ஓரா அவ்வளவு நெடுநாள் வாழும் மீன் அல்ல. அது கடந்துபோகும் ஆண்டுகளை ஒரு கை விரல்களைச் சுற்றித்தான் எண்ண வேண்டியிருக்கும். ஆனால் தர்க்கம் மாறவில்லை. வேகமாக வளர்வதும் குறுகிய ஆயுளும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்ற அனுமானம் ஒரு மேய்ச்சல் மீன் குடும்பத்தில் இவ்வளவு முழுமையாகப் பொய்த்தபின், இன்னொன்றில் சோதிக்காமல் அதை எடுத்தாளக் கூடாது.

இனி இறப்புக் கணக்குக்கு வருவோம். 1918இல் ரஷ்ய அறிஞர் பரானவ் எழுதிய கணக்கு இன்றும் அடித்தளம்: மொத்த இறப்பு, இயற்கை இறப்பும் மீன்பிடி இறப்பும் சேர்ந்தது. கூட்டல்தானே என்று தோன்றும். ஆனால் இந்த வீதங்கள் மடங்காகச் செயல்படுபவை. விளங்குவதற்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்; இது எந்தக் கடலின் கணக்கெடுப்பும் அல்ல, வெறும் எண்கணிதம். இயற்கை இறப்பு வீதம் ஆண்டுக்கு 1 என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மீனில் ஓராண்டு கழித்து 368 மிஞ்சும்; இரண்டாம் ஆண்டில் 135; மூன்றாம் ஆண்டில் 50. மீன்பிடி அதே அளவு, இன்னொரு 1, சேர்கிறது என்போம். சாவு இரட்டிப்பானதால் பிழைப்பவை பாதியாகும் என்று மனம் சொல்லும். நடப்பது வேறு: முதலாண்டில் 135, இரண்டாம் ஆண்டில் 18, மூன்றாம் ஆண்டில் இரண்டோ மூன்றோ. ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை. வயது ஏற ஏறப் பள்ளம் ஆழமாகிறது. இயற்கை இறப்பும் மீன்பிடி இறப்பும் சமமாக இருப்பது ஒரு வரம்பு என்று பாடப்புத்தகங்களில் ஒரு விதி உண்டு. மொத்தச் சாவில் பாதிக்குமேல் மீன்பிடியால் என்றால் அதிகப் பிடிப்பு என்று ஆய்வேடுகள் முடிவெழுதுவது அதை வைத்துத்தான். அந்த 'சமம்' என்ற மிதமான சொல்லுக்குள் மூன்று வயது மீன்கள் இருபதில் ஒன்றாகச் சுருங்கிப்போனது ஒளிந்திருக்கிறது.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், என் வாதத்துக்கு மிகக் கடினமான எதிர்ப்பு அதுதான். எடையை மட்டும் கணக்கிட்டால் இளம் மீனைப் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. அதே எடுத்துக்காட்டில் எல்லை நீளம் 30 சென்டிமீட்டர், கே 1 என்று கொண்டால், ஒரு வயதில் மீன் 19 சென்டிமீட்டர், இரண்டில் 26, மூன்றில் இருபத்தெட்டரை. எடை நீளத்தின் முப்படியாக ஏறுவதால், ஒரு வயதிலிருந்து இரண்டுக்குள் ஒவ்வொரு மீனும் இரண்டரை மடங்கு கனக்கும். ஆனால் அந்த ஆண்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை இயற்கையாகவே செத்திருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஒரே ஈட்டில் பிறந்த கூட்டத்தின் மொத்த எடை உச்சம் தொடுவது இருபத்திரண்டரை சென்டிமீட்டரில், ஒன்றரை வயதை எட்டும் முன்பே. அதற்குமேல் விட்டுவைத்தால் கடலுக்கு நட்டம் இல்லை, தராசுக்கு நட்டம். பெவர்ட்டனும் ஹோல்ட்டும் 1957இல் எழுதிய பெருநூல் முதல் மீன்வள அறிவியல் கற்றுத்தந்தது இந்தப் பாடத்தை. மிகச் சிறிய குஞ்சுகளைப் பிடிக்காதே என்று சொல்ல இது போதும். பெரிய மீன்களை விட்டுவை என்று சொல்ல இது உதவாது.

தராசு எடை போடுவது சதையை மட்டும். முட்டையை அது எடை போடுவதில்லை. பெரிய தாய்மீன் சிறியதைவிட எடைக்கு ஏற்ற அளவில் கூடுதல் முட்டை இடும் என்ற பழைய எண்ணத்தை 342 கடல்மீன் இனங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு திருத்தியது: பெரும்பாலான இனங்களில், எடை இரட்டித்தால் முட்டைகளின் எண்ணிக்கையும் அளவும் சத்தும் சேர்ந்த மொத்தம் இரட்டிப்புக்கும் மேலே போகிறது. ஒரு கிலோ பெரிய மீனும் ஒரு கிலோ சிறிய மீனும் குழம்பில் ஒன்றுதான், கடலுக்கு ஒன்றல்ல. அதோடு இன்னொன்று. ஒரே ஒரு பருவத்து மீன்களை நம்பியிருக்கும் கூட்டம், அந்தப் பருவத்தில் நீரோட்டம் தவறிக் குஞ்சுகள் கரை சேராமல் போனால், அடுத்த ஆண்டு வெறுங்கையோடு நிற்கும். மூன்று நான்கு வயதுகள் கலந்திருந்தால் ஒரு கெட்ட ஆண்டை அது தாண்டிவிடும். விவசாயி எல்லா நெல்லையும் ஒரே மழையை நம்பி விதைக்காததுபோல.

மேய்ச்சலும் தராசில் ஏறுவதில்லை. ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் ஃபாக்ஸ், பெல்வுட் என்ற இருவர் சர்காசம் என்ற பெரும்பாசியைப் பவளத்திட்டில் நட்டு, ஆள் யாரும் இல்லாமல் காமிராவை மட்டும் விட்டுவைத்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், பாசியை முன்னின்று கொறித்துத் தீர்த்தது மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போகும் ஒரு மீன். அது நம் ஓராவேதான், சிகானஸ் கனலிகுலேட்டஸ். நம் பக்கத்தில் இதற்குக் காமிரா தேவையில்லை. மண்டபத்தையொட்டிய கடலில் மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் பாசி வளர்க்கும் பெண்கள் மிதவைக்கு அடியில் வலை கட்டுகிறார்கள். கட்டாவிட்டால் நுனித் தளிரை மீன்கள் மேய்ந்துவிடும். மேய்வதில் ஓராவுக்குப் பங்கு உண்டு. வளர்ப்பவருக்கு அது இழப்பு. மிதவையிலிருந்து பிய்ந்து பவளத்தின்மேல் ஒட்டிக்கொண்ட பாசியை அதே வாய் கொறித்தால் அது கடலுக்கு வரவு. மேய்ச்சல் மீன் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஜமைக்காவை. பல தலைமுறையாகக் கிளிமீன்களையும் சர்ஜன் மீன்களையும் அரித்தெடுத்த கடல் அது. பாசியை மேய எஞ்சியிருந்தது கருப்புக் கடல்முள்ளெலி ஒன்றுதான். 1980இல் ஆலன் புயல் பவளத்தை நொறுக்கியது. 1983இல் நோய் வந்து முள்ளெலிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 1970களின் பிற்பகுதியில் கடலடியில் பாதியைப் போர்த்தியிருந்த உயிர்ப்பவளம் 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போனது. அந்த இடத்தைப் பாசி பிடித்தது. அங்கே மீன் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. கடல் சூடேறுவதைக் கிளிமீன் தடுக்காது. ஆனால் மீனும் முள்ளெலியும் சேர்ந்து மேய்ந்த வேலையை முள்ளெலி ஒன்றின் தலையில் ஏற்றியது மீன்பிடி. பெலீஸ் 2009இல் கிளிமீனையும் சர்ஜன் மீனையும் பிடிக்க முற்றிலும் தடை விதித்தது இந்தப் படிப்பினையால்தான்.

மத்தியதரைக் கடல் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறதே என்பார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் செங்கடலிலிருந்து ஓராவின் உறவு இனங்கள் இரண்டு அங்கே குடியேறின. துருக்கிக் கரையோரத்தில் பாசிக்காடுகளை மேய்ந்து பாறையை வழித்துவிட்டன. அங்கே ஓராவைப் பிடிப்பதே கடலுக்கு நல்லது. நான் இதை மறுக்கவில்லை. என் வாதத்தை இது பலப்படுத்துகிறது. மேய்ச்சல் மீனின் எண்ணிக்கை கடலடியின் முகத்தையே மாற்றும் வல்லமை உள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வெறும் டன் கணக்கில் வைத்து நிர்வகிக்கக் கூடிய மீன் அல்ல அது, கூடினாலும் குறைந்தாலும்.

'கரைக்கு வரும் ஓரா குறையவில்லையே' என்பது இன்னொரு வாதம். இதற்குப் பதில் மீனின் நடத்தையில் இருக்கிறது. ஓரா முட்டையிடக் கூட்டமாகச் சேரும். சேரும் நாளை நிலவு தீர்மானிக்கிறது. பலாவு தீவின் மீனவர்களிடம் கற்றுக்கொண்டு ராபர்ட் ஜோஹன்னஸ் 1981இல் ஒரு நூல் எழுதினார். எந்த மீன் எந்தப் பிறையில் எந்த வாயில் வழியாக முட்டையிடப் போகும் என்பதை அவர்கள் பல்கலைக்கழகங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அங்கே இந்த மீனுக்குப் பெயர் மேயாஸ். அமாவாசை கழிந்த சில நாளில் அது முட்டையிடும். போலினாவோவில் குஞ்சுகளும் அப்படியே பிறைக்கணக்கில் புல்வெளிக்கு வருகின்றன. படாஸ் என்ற பெயரில் அவற்றைக் கூட்டமாக அள்ளி உப்பிட்டு ஊறவைத்து பாகூங் செய்கிறார்கள். கூட்டம் சேரும் மீனை, சேரும் இடம் தெரிந்து பிடித்தால், கடலில் பாதி குறைந்த பிறகும் வலையில் வருவது குறையாது. எஞ்சியவை அதே இடத்தில் அதே நெருக்கத்தில் சேர்கின்றன. குறைவு தெரியும் நாளில் குறைய எதுவும் மிஞ்சியிராது. வரத்தின் எடை நிலையாக இருப்பதால் மீன்கூட்டம் நிலையாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. கூடையில் மீனின் சராசரி நீளம் ஆண்டுக்காண்டு சுருங்குகிறதா என்பது அதைவிட நல்ல அறிகுறி. வயது அதைவிடவும் நல்லது.

'மீன்பிடியைக் குறை சொல்லாதீர்கள், கடற்புல் அழிவதுதான் காரணம்' என்ற பேச்சை நான் பாதிக்குமேல் ஏற்கிறேன். பாக் விரிகுடா ஆழமற்ற கடல். வெளிச்சம் தரையைத் தொடுவதால்தான் அங்கே புல் பரந்திருக்கிறது. அந்தத் தரையில் இழுவை மடி ஓடினால் புல்லின் வேர் பெயரும், சேறு கலங்கி வெளிச்சம் மறையும். ஓராக் குஞ்சுக்கு ஒளிந்துகொள்ளப் புல் இல்லை என்றால் அது வேறு மீனின் வாய்க்குப் போகும். அப்போது உயர்வது இயற்கை இறப்பு. சூத்திரம் அதை 'இயற்கை' என்றே எழுதும், செய்தது மடி என்றாலும். இறப்பை இரண்டு பெட்டியாகப் பிரித்த பரானவின் கணக்கு புல்வெளியில் இப்படித் தடுமாறுகிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. 2022இல் தமிழ்நாடு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்காகக் காக்கும் புல் ஓராவுக்கும் புல்தான். ஆனால் புல்லைக் காத்துவிட்டு அதில் மேயும் மீனைக் கணக்கின்றி அள்ளினால் பாதி வேலைதான் நடந்திருக்கும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. முழங்கால் ஆழத்தில் கரைவலையிலும் முடைந்த பொறிக்கூட்டிலும் விழும் ஓராவுக்கு அந்தத் தடை பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சாஃபியைப் பிடிக்கவும் விற்கவும் கூடாது என்ற தடை இந்த மீனின் முட்டைப் பருவத்தையே பார்த்து வைத்தது.

எல்லாவற்றையும்விட நான் மதிக்கும் எதிர்ப்பு வயிற்றைப் பற்றியது. ஓரா பெரிய கம்பெனிகளின் மீன் அல்ல. வல்லமும் நாட்டுப்படகும் வைத்திருப்பவர், கூடு போடுபவர், கரையில் நின்று வலை இழுப்பவர் ஆகியோரின் அன்றாடச் செலவு அது. அவரிடம் போய் மூன்று வயது மீனைக் கடலில் விட்டுவை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கென்யாவிலிருந்து கிடைக்கிறது. அங்கேயும் ஓராவின் உறவு இனம் ஒன்று, சிகானஸ் சூட்டர், கரையோர ஏழை மீனவரின் மீன்; அங்கேயும் பிடிப்பது முடைந்த கூட்டில். கூட்டின் ஓரத்தில் ஒரு ஒடுங்கிய செங்குத்துப் பிளவை விட்டால், தட்டையான சிறு மீன்கள் நழுவிப்போகும், பெரியவை நிற்கும். மக்கிளனகன் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்த கென்ய ஆய்வாளரும் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, வீணாகும் சின்ன மீன் குறைந்தது, பிடித்த மீனின் அளவு கூடியது, மீனவரின் வருமானமும் குறையாமல் ஏறியது. நம் கரையிலும் சின்ன ஓராவுக்கும் பெரிய ஓராவுக்கும் கிலோவுக்கு ஒரே விலை இல்லை.

ஆனால் பிளவு காப்பது சிறிய மீனை. பெரிய மீனைக் காக்க அது போதாது. என் வாதம் கேட்பது இரண்டையும். அதற்கு முட்டையிடும் பிறை நாட்களில் கூட்டம் சேரும் சில துறைகளில் வலை வைக்காதிருப்பதும், நிரந்தரமாகக் கை வைக்காத சில புல்வெளிகளை ஊர் கூடி ஒதுக்குவதும் தேவைப்படும். எந்தத் துறை, எந்தப் பிறை என்பது புள்ளிவிவரத்துக்கு முன்பே பாம்பனிலும் தொண்டியிலும் நெடுந்தீவிலும் உள்ள மூத்த மீனவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜோஹன்னஸ் பலாவில் செய்ததுபோல அதைக் கேட்டு எழுதுவதிலிருந்து தொடங்கலாம். அதோடு நீளம் அளக்கும் மாணவர்கள் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு துறையிலும் இருபது மீனின் செவிக்கல்லையும் எடுத்து வைக்க வேண்டும். பெரிய மீனுக்கு முதலிடம் கொடுத்து எடுக்க வேண்டும், ஏனென்றால் கேள்வி அங்கேதான் இருக்கிறது. கென்யாவின் பிளவு அகலத்தை அப்படியே நம் கூட்டில் வைக்கவும் முடியாது. அங்குள்ள மீனின் வயிற்றகலம் வேறு, நம் ஓராவின் வயிற்றகலம் வேறு. கீழக்கரையில் கூடு முடைபவரின் முற்றத்தில் அமர்ந்து, முட்டை வைக்கத் தொடங்கும் அளவை எட்டிய ஓராவைப் பலகையில் கிடத்தி, அதன் பருமனை அளந்து, அது நுழையாத அளவுக்கு இரண்டு குச்சிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு முதல் கூட்டை முடைந்து பார்க்க வேண்டும்.